நடுக்கம் அவிசுவாசமா?



சில மாதங்களுக்கு முன்னே அபிஷேகம் பெற்ற ஒரு வாலிபத் தங்கச்சி, உபவாச ஜெபம் முடிந்து நான் பாய் சுருட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றது. "அக்கா, நான் அந்நிய பாஷை பேசுறேன்ல, அது மெய்தானா?" என்று கேட்டது. "ஏம்மா அப்படிக் கேக்குற?" என்றேன். "சாட்சி சொல்ல எழும்பினா கைகாலெல்லாம் உதறுதுக்கா. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிது. பயத்தைக் கொடுக்கிற ஆவி தேவனுடையது இல்லைன்னு பிரசங்கத்துல கேக்குறோம். அப்ப எனக்குள்ள இருக்கிறது எந்த ஆவி?"

அந்தப் பிள்ளை விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கண்ணு கலங்கியிருந்தது. ஒரு மைக்குக்கு முன்னே கை நடுங்கினதற்காக, தன் இரட்சிப்பையே சந்தேகப்படுகிற அளவுக்கு வந்துவிட்டது. நல்ல எண்ணத்தோடேதான் சிலர், "பய ஆவியே வெளியே போ" என்று தலையில் கை வைத்து ஜெபிக்கிறார்கள். விடுதலை பெற்றவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படி ஜெபித்த பிறகும் நடுக்கம் போகாத சிலர், அடுத்த ஞாயிறு கடைசி வரிசைக்குப் போனதையும், அதற்கடுத்த மாதம் சபைக்கே வராமல் போனதையும் கண்டிருக்கிறேன். ஆகையால் இந்தக் காரியத்தைக் கொஞ்சம் நிதானமாய் யோசிப்போம்.

முதலாவது ஒன்று. அந்நிய பாஷையில் அருவிபோலப் பேசுகிற அதே வாய், தமிழில் "கர்த்தர் எனக்கு இன்னதைச் செய்தார்" என்று சொல்லும்போது ஏன் திக்குகிறது? 1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அந்நிய பாஷையில் பேசுகிறவன் மனுஷனோடே அல்ல, தேவனோடே பேசுகிறான் என்ற கருத்தில் பவுல் எழுதுகிறார். அங்கே கண்ணை மூடிக்கொள்கிறோம். முன்னே எந்த மனுஷ முகமும் இல்லை. சாட்சி அப்படியல்ல. அது மனுஷனுக்கு முன்னே, மனுஷனுக்குச் சொல்லுவது. தேவ சமுகத்திலிருந்து முகத்தைத் திருப்பி, நூறு ஜோடிக் கண்களைப் பார்க்கவேண்டும். அந்தத் திருப்பத்தில்தான் நடுக்கம் வருகிறது. பெற்ற அபிஷேகத்தில் குறை இருப்பதால் வருவதல்ல. சபையில் புரியாத பதினாயிரம் வார்த்தையைவிடப் புரிகிற ஐந்து வார்த்தை மேல் என்றும் அதே அதிகாரத்தில் பவுல் சொல்லுகிறார். ஏன் ஐந்து? அந்த ஐந்தைச் சொல்லுவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்போல!

நம் சபைக்கு ஒக்கநாடு கீழையூர், கண்ணந்தங்குடி, பாப்பாநாடு பக்கமிருந்தெல்லாம் டவுன் பஸ் ஏறி வருகிற தாய்மார்களைப் பாருங்கள். நாற்று முடி பிடித்துச் சேற்றில் நிற்கும்போது அவர்கள் குரலைக் கேட்டிருக்கிறீர்களா? இந்த வரப்பிலிருந்து கூப்பிட்டால் அந்த வாய்க்கால் கரையில் மாடு மேய்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அவர்கள் எடுக்கிற நடவுப் பாட்டுக்கு மைக் வேண்டியதே இல்லை. அதே தாய் ஞாயிற்றுக்கிழமை மைக்கைக் கையில் வாங்கினால் சத்தம் தொண்டைக்குள்ளேயே அமுங்கிப்போகிறது. குரலில் பலவீனம் இல்லை. வயலில் எல்லாரும் குனிந்து சேற்றைப் பார்க்கிறார்கள். இங்கே எல்லாரும் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் சரீரத்தின் காரியமும் இருக்கிறது. ஆபத்து வந்ததென்று மூளை நினைத்தால் அட்ரினலின் என்கிற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, வாயில் எச்சில் வற்றுகிறது. மாடு முட்ட வரும்போது ஓடித் தப்புவதற்காக தேவன் வைத்த ஏற்பாடு அது. மைக்கையும் முட்ட வருகிற மாட்டையும் வேறுபிரிக்கத் தெரியாமல், இரண்டுக்கும் ஒரேமாதிரி வேலை செய்கிறது. ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்றால் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானே தணியும். இதைப் போய்ப் பிசாசு என்று சொன்னால், சிருஷ்டித்தவர் கொடுத்த காவல்நாயை விரட்டினதுபோல ஆகும்.

இப்போது வேதத்துக்கு வருவோம். மோசே தன் வாய் மந்தமானது என்று சொன்னதும் அந்த நிமிஷமே தேவன் அவன் நாவைக் குணமாக்கினார் என்று யாத்திராகமத்தில் நான் எங்கேயும் காணவில்லை. வாயை உண்டாக்கினது யார் என்று கேட்டார். கூட ஆரோனை அனுப்பினார். எண்பது வயசில், திக்குவாயோடேதான் பார்வோன் அரமனைக்கு அந்த மனுஷன் போனான்.

ஆனால் என்னை அதிகமாய்த் தேற்றினது அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரம். பவுல் கொரிந்துவுக்கு வருகிறார். அந்த ஊரில் தான் இருந்தபோது பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் இருந்ததாக, பிற்பாடு அந்தச் சபைக்கு எழுதின முதல் நிருபத்தில் அவரே ஒத்துக்கொள்கிறார். நிருபம் பலமாயிருக்கிறது, ஆள் வந்து பேசினால் ஒன்றுமில்லை என்று அவரைப் பரிகாசம்பண்ணினவர்களும் அங்கே இருந்தார்கள். அப்படிப்பட்டவருக்கு இராத்திரியில் கர்த்தர் தரிசனமாகி, பயப்படாமல் பேசு என்கிறார். பயமே இல்லாதவனுக்கு யாராவது பயப்படாதே என்று சொல்லுவார்களா? அதற்குக் கர்த்தர் கொடுத்த காரணங்களைக் கவனியுங்கள். "நான் உன்னைப் பெரிய பேச்சாளியாக்குவேன்" என்று ஒரு வார்த்தை இல்லை. நான் உன்னோடு இருக்கிறேன், ஒருவனும் உனக்குத் தீங்கு செய்யமாட்டான் என்கிறார். அதற்குமேல், இந்தப் பட்டணத்தில் எனக்குரிய ஜனங்கள் அநேகர் என்கிறார். கேட்கப்போகிறவர்களைக் காட்டுகிறார்! நீ யாரைப் பார்த்து நடுங்குகிறாயோ, அந்தக் கூட்டத்துக்குள்ளே என் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறார். பவுல் அங்கே ஒரு வருஷமும் ஆறு மாசமும் தங்கி உபதேசித்தார்.

அதே அதிகாரத்தின் கடைசியில் இன்னொருவர் வருகிறார், அப்பொல்லோ. நல்ல பேச்சு வன்மை உள்ளவர், வேதத்தில் வல்லவர், எபேசுவின் ஜெபஆலயத்தில் தைரியமாய்ப் பேசினார். ஆனால் அவருக்குத் தெரிந்தது யோவானின் ஞானஸ்நானம் மட்டும். கூடாரம் தைத்துப் பிழைக்கிற ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தனியே அழைத்துக்கொண்டுபோய், விட்டுப்போனதைச் சொல்லிக்கொடுத்தார்கள். நடுங்கின பவுலுக்குள் நிறைவு இருந்தது. நடுங்காத அப்பொல்லோவுக்குள் குறைவு இருந்தது. ஒரே அதிகாரத்தில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்த பிறகும், நாம் சரளமாய்ப் பேசுகிறவரை "அபிஷேகம் உள்ளவர்" என்றும் திக்குகிறவரை "இன்னும் ஜெபிக்கணும்" என்றும் தரம் பிரிக்கிறோமே!

அப்படியானால் பயத்தில் பாவமே இல்லையா? உண்டு. பேதுருவைப் பாருங்கள். குளிர்காய்ந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கு முன்னே அவர் பயந்தார். ஆனால் அவருக்கு நா எழாமல் போகவில்லை. நன்றாய்ப் பேசினார். சத்தியம்பண்ணியே பேசினார்! பயம் அவர் வாயை அடைக்கவில்லை, பொய்க்குத் திறந்துவிட்டது. பாவமான பயத்துக்குக் கால் நடுங்குகிறதா என்பது அடையாளம் அல்ல; உண்மையை விற்றுவிடுகிறதா என்பதுதான் அடையாளம். கால் நடுங்க நடுங்க நின்று உண்மையைச் சொல்லுகிறவன் பயத்தை ஜெயித்தவன். கணீரென்று நின்று, நாலுபேர் மெச்சுவதற்காக நடந்ததைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறவன் பயத்துக்கு அடிமை. அவன் மனுஷர் முகத்துக்குப் பயப்படுகிறான். இந்த இரண்டாவது ஆளுக்காக நாம் எப்போதாவது கை வைத்து ஜெபித்திருக்கிறோமா?

நம்முடைய தஞ்சாவூர்ச் சீமைக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பாதிதான். நம்மில் அநேகருடைய பாட்டன் பூட்டன் பண்ணையில் கைகட்டி நின்றவர்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கேட்டதற்கு மாத்திரம் "ஆமாங்க" சொல்லவேண்டும். தானாய் வாய் திறந்தால் அதற்குத் தண்டனை. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் வந்த மறுநாளே நாக்குக் கட்டு அவிழ்ந்துவிடுமா? நாலுபேர் முன்னே பேசினால் அடி விழும் என்று தலைமுறை தலைமுறையாய்ப் பழகின சரீரம் இது. பெண்பிள்ளைகளுக்குக் கேட்கவே வேண்டாம். அந்தத் தாய் மைக்கைப் பிடிக்கும்போது அவளுடைய கை மட்டுமா நடுங்குகிறது?

இதே காவேரிக் கரைச் சீமையில்தான் தேவன் வேறொன்றும் செய்தார். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கின சீகன்பால்கு ஐயர், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடே உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். படித்த மனுஷன், குழந்தைகள் சிரிக்க எழுத்துக் கூட்டினார்! அந்தச் சபையில்தான் 1733 டிசம்பர் 28-ஆம் தேதி ஆரோன் என்கிற தமிழர் போதகராக அபிஷேகம்பண்ணப்பட்டார். இந்திய தேசத்தில் புராட்டஸ்டண்டு சபையின் முதல் சுதேசப் போதகர் அவர்தான். பெர்னார்ட் பேட் என்று ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், தமிழ் மேடைப் பேச்சைப் பற்றியே வெகு காலம் ஆராய்ந்தவர். கூடின ஜனத்துக்கு முன்னே ஒருவர் நின்று, எல்லாருக்கும் புரிகிற வசனநடையில் பேசுகிற பழக்கம் தமிழில் வேரூன்றினதற்கு மிஷனெரிமாரின் பிரசங்கம் பெரிய காரணம் என்பது அவருடைய முடிவு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் வேலைபார்த்தவர். அவர் 1847 டிசம்பர் 31-ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார் என்பதையும் என் மகள் படித்துச் சொன்னாள். எனக்கு ஆச்சரியமாய் இருந்தது. இன்றைக்கு எல்லாக் கட்சிக்காரரும் மேடைபோட்டுப் பேசுகிற ஊரில், அந்த மேடைக்குப் பலகை போட்டதில் பிரசங்கத்துக்கும் பங்கு உண்டு. பிரசங்கி மட்டுமா? ஞாயிறுதோறும் சாட்சி நேரம் என்று வைத்து, கூலிக்குப் போகிற தாயையும் எழுப்பி "நீ சொல்லும்மா" என்று கேட்கிற இடம் நம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது?

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் எட்டாவதுவரை படித்தவள். பத்து வயசில் பள்ளிக்கூட விழாவில் குறள் சொல்ல நிறுத்தினார்கள். இரண்டாவது அடி வராமல் நின்றேன். வாத்தியார் என்னைப்போலவே திக்கிக் காட்டினார், பள்ளிக்கூடமே சிரித்தது. அந்தப் பள்ளியின் பேரும் அவர் பேரும் இங்கே வேண்டாம். அன்றைக்குப் பூட்டினது, புது ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்து ஏறின பிறகும் திறக்கவில்லை. முதல்தடவை சங்கீதம் வாசிக்கச் சொன்னபோது, வேதாகமத்தின் தாள் சரசரவென்று ஆடுகிற சத்தம் மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

பயம் போகணும் போகணும் என்று வெகுநாள் ஜெபித்தேன். போகவில்லை. அப்போது எங்கள் பாஸ்டர் அம்மா ஒரு காரியம் சொன்னாங்க: "உன் பயத்துக்காக ஜெபிக்கிறத நிறுத்து. உன் முன்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்காக ஜெபி." வீட்டு ஜெபக்கூட்டத்தில் நாலைந்து பேர்தான் இருப்போம். அங்கே பேசப்போகுமுன்னே ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தேன். இவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், அவளுக்கு வட்டிக்கடன், அந்தப் பாட்டிக்கு மகன் சோறு போடுவதில்லை. அப்படி ஜெபித்துவிட்டு எழும்பினால் முகங்கள் வேறேமாதிரித் தெரிந்தது. முன்னே அவை என்னைத் தராசில் வைக்கிற முகங்கள். இப்போது ஏதோ ஒன்று வேண்டிக் காத்திருக்கிற முகங்கள். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது என்ன சொல்லுது என்று கேட்க எனக்கு நேரம் இல்லை. நாலுபேரிலிருந்து நாற்பது பேருக்கு வர எனக்கு நாலு வருஷம் ஆனது. இன்னும் கன்வென்ஷன் மேடை ஏறுமுன்னே வயிற்றைப் பிசைகிறது. பயமுள்ள ஆவியைப் பற்றி தீமோத்தேயுவுக்கு எழுதின வசனத்தில் பலத்தோடுகூட அன்பும் தெளிந்த புத்தியும் வரிசையாய் இருக்கிறது. நாம் பலத்தைப் பற்றியே பிரசங்கிக்கிறோம். பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்பதல்லவா யோவான் எழுதினதின் கருத்து? தைரியம் தள்ளும் என்று அவர் எழுதவில்லை.

காந்தி கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் அவருடைய சத்திய சோதனையை வாசித்தபோது இதையே கண்டேன். 1891-ல் லண்டனை விட்டுக் கிளம்புகிற விருந்தில், யோசித்து வைத்திருந்த பேச்சில் ஒரு வாக்கியத்துக்குமேல் அவருக்கு வரவில்லை. பம்பாய்க் கோர்ட்டில் முதல் வழக்குக்கு எழும்பினவர், தலை சுற்றி, ஒரு கேள்வியும் கேட்க வராமல் உட்கார்ந்துவிட்டார். அதே மனுஷன் 1893-ல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா பட்டணத்து இந்திய வியாபாரிகளைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மையாயிருப்பதைப் பற்றிப் பேசினார். அதுவே தன் வாழ்நாளில் முதல் பொதுப்பேச்சு என்று எழுதுகிறார். நடுவில் அவர் எந்தப் பேச்சுப் பயிற்சிக்கும் போகவில்லை. அங்கே நம் ஜனங்கள் படுகிற பாட்டைக் கண்ணால் கண்டிருந்தார். அவ்வளவுதான்.

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர் 1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் பேசினதையும் நினைக்கிறேன். ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகள். ஆசியாக்காரர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அங்கே நின்று, நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், ஆனால் எங்களுக்கு வேண்டியது சிநேகிதர் என்ற கருத்தில் பேசினார். சிலர் கைதட்டினார்கள், சிலருக்குக் கோபம். அவர் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டதோ! 1912-ல் அவரே இந்தியாவின் முதல் சுதேச ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார்.

கேட்கிற நமக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் சாட்சி சொல்லும்போது தடுமாறினால் வாலிபர் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் வருகிறது. ஒரு தாய் கொஞ்சம் நீட்டிவிட்டால் கீபோர்டு மெல்ல வாசிக்க ஆரம்பிக்கிறது. போதும் உட்காரு என்று அதற்கு அர்த்தம் என்பது அவளுக்கும் தெரியும். இப்போது கைபேசியைத் தூக்கிப் படம் பிடிக்கிறவர்கள் வேறு. மற்றவனுடைய பயத்தில் பாதி நாம் செய்து கொடுக்கிறது. எந்தச் சகோதரன் நாவையும் கட்டாதபடி என் முகத்தைக் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று நாம் ஜெபிக்கவேண்டாமா?

அந்தத் தங்கச்சிக்கு நான் அன்றைக்குச் சொன்னது கொஞ்சம்தான். "உனக்குள்ள இருக்கிறது நல்ல ஆவியானவர்தான். நடுங்கினா நடுங்கட்டும், நீ நடந்ததை மாத்திரம் சொல்லு." போன அறுப்பு ஸ்தோத்திர ஆராதனையில் நடவுக்குப் போகிற ஒரு வயசான தாய் எழும்பினதும் நினைவுக்கு வருகிறது. மைக்கை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "எம் மவன் குடிய உட்டு ஏழு மாசம் ஆவுது. ராத்திரி வீட்டுல சோறு திங்கிறான். ஏசப்பாவுக்கு ஸ்தோத்திரம்." உட்கார்ந்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் மூன்று பெண்கள் அவரைத் தேடிப்போய், செருப்பு விடுகிற இடத்தில் நின்று அழுது பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைய பிரசங்கியாரைத் தேடி அவர்கள் போகவில்லை.

பாஸ்டர் ஐயாவிடம் கேட்டதற்குச் சம்மதித்திருக்கிறார்கள். வருகிற மாதத்திலிருந்து முதல் சனிக்கிழமை உபவாச ஜெபத்தில், பகல் பன்னிரண்டு மணிக்குமேல், மைக்கும் கீபோர்டும் இல்லாமல், வட்டமாய்ப் பாயில் உட்கார்ந்தபடியே சாட்சி சொல்ல ஒரு மணி நேரம் ஒதுக்கப்படும். எழும்பி நிற்கவேண்டிய அவசியமில்லை. இரண்டு வரியானாலும் சரி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விடலாம்.